ஓடி நின்ற பிறகு: குதிரையின் குருதியும் வன்னிச் சவாரி மாடும்

(துணுக்காயில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தியது.)



குதிரையின் குருதியையும் உமிழ்நீரையும் பற்றிப் பேசத் துணுக்காய்க்கு வந்திருக்கிறேன். இங்கே குதிரை இல்லை. எங்கள் மாகாணத்தில் குதிரை என்றால் நெடுந்தீவு. போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கியவற்றின் வழிவந்த அந்தக் குதிரைகள் வேலையும் பயிற்சியும் இல்லாமல் திரிகின்றன. கோடையில் தண்ணீருக்கு அலைகின்றன. அவற்றுக்கு வேண்டியது பரிசோதனைக்கூடம் இல்லை, தண்ணீர்த்தொட்டி.

பிறகு ஏன் குதிரை? மனிதரை விட்டால், ஓடும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது என்று மிகுதியாக ஆராயப்பட்ட பிராணிகளில் அது முன்வரிசையில் நிற்கிறது. பந்தயப் பணம் அதன் பின்னால் நின்றதே காரணம். வன்னியில் ஓடுவது வண்டிலில் பூட்டிப் பந்தயம் விடும் சவாரி மாடு. அதன் பின்னாலும் பணம் உண்டு, ஊர்ப்பெருமை உண்டு, ஆராய்ச்சிதான் இல்லை. சித்திரையில் நுவரெலியாவில், கடல் மட்டத்துக்கு 1,800 மீற்றருக்கு மேலே, குளிரில் குதிரை ஓடும். அதே மாதம் இந்தச் சமவெளியின் வெக்கையில் எங்கள் மாடு ஓடும். இரண்டில் எதற்கு வைத்தியக் கண் கூடுதலாக வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒரு தலைமுறைக்கு முன் சவாரி மாடு உழவு மாடாகவும் இருந்தது. காலபோகத்தில் வயலிலும் வண்டிலிலும் உழைத்து, அறுவடை முடிந்ததும் திடலுக்கு வந்தது. அதன் தசையைப் பழக்கியது வயல். உழவு இயந்திரம் வந்தபின் அந்த வேலை போயிற்று. 2008இல் இந்தப் பகுதி இடம்பெயர்ந்தபோது பட்டிகளும் போயின. திரும்பி வந்தவர்கள் முதலிலிருந்து மாடு சேர்த்தார்கள். இன்று திடலில் நிற்கும் நல்ல சோடி பெரும்பாலும் சவாரிக்கென்றே வளர்க்கப்படுவது. கொட்டிலில் நிற்கிறது, பிண்ணாக்கும் உழுந்தும் தின்கிறது, ஒருநாள் வந்து முழு வேகத்தில் ஓடுகிறது. அது ஓட ஆயத்தமா என்று எதைக்கொண்டு அறிகிறோம்? தோல் மினுக்கத்தையும் திமிலையும் கொண்டு!

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரு மிருகத்தின் உடற்தகுதியை அதன் வேகத்தில் தேடாதீர்கள். ஓடி நின்றபின் எவ்வளவு விரைவாகத் தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதில் தேடுங்கள். குருதியும் உமிழ்நீரும் அந்தத் திரும்புதலைக் காட்டும். ஆனால் எந்த நேரத்தில் எடுத்தது என்று குறிக்கப்படாத துளி எதையும் சொல்லாது. இதை ஆறு குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. ஓட்டத்தின்போது குருதி

நிம்மதியாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 40 தடவை துடிக்கும். முழு ஓட்டத்தில் அது 220ஐத் தாண்டும். ஐந்து மடங்குக்கு மேலான ஏற்றம் இது. எங்களுக்கு மூன்று மடங்கு ஏறினாலே மூச்சு முட்டும்.

இதயம் வேகமாகத் துடித்தால் மட்டும் போதாது, தள்ளுவதற்குக் குருதி வேண்டும். அங்கேதான் மண்ணீரல் வருகிறது. உங்களுக்கு வவுனிக்குளம் தெரியும். மழைக்காலத்தில் சேர்த்துவைத்த நீரை, வயல் கேட்கும்போது துருசு திறந்து விடுகிறோம். குதிரையின் மண்ணீரலும் செங்குழியங்களை அப்படித்தான் சேர்த்து வைத்திருக்கிறது. அதிரினலின் வந்து துருசைத் திறக்கிறது. ஓய்வில் குருதியின் கன அளவில் 40 சதவீதமளவு இருக்கும் குழியங்கள் கடும் ஓட்டத்தில் 60 சதவீதத்துக்கு மேல் போகின்றன. குருதி தடிக்கிறது, ஒட்சிசன் சுமக்கும் வல்லமை கூடுகிறது.

இதிலிருந்து ஒரு எச்சரிக்கை. துருசைத் திறப்பது ஓட்டம் மட்டும் இல்லை, பயமும் திறக்கும். ஊசியைக் கண்டு மிரண்ட குதிரையிடம் எடுத்த குருதி, ஓடாத குதிரையை ஓடிய குதிரையாகக் காட்டும். அதனால் ஓய்வில் எடுத்த ஒற்றை அளவைப் பார்த்து "இதற்கு இரத்தம் நல்லாயிருக்கு" என்று சொல்வதில் பொருள் குறைவு. சுவீடனில் சூன பெர்சொன் என்ற மிருக வைத்தியர் குதிரையை ஓடுபொறியில் ஏற்றி ஆராய்ந்து, உடலில் உள்ள முழுக் குருதியின் அளவுக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1967இல் வெளியிட்ட நூல் இந்தத் துறைக்கு அடித்தளம். இதயம் நிமிடத்துக்கு 200 என்ற அளவைத் தொடும்போது குதிரை என்ன வேகத்தில் போகிறது என்று பார்க்கும் முறை அந்த மரபில் வளர்ந்தது. பழக்கம் ஏற ஏற அதே 200ஐத் தொட இன்னும் கூடிய வேகம் தேவைப்படும்.

அடுத்தது லாக்டேற். தசை மிக விரைவாகச் சக்தி கேட்கும்போது, சேமித்த கிளைக்கோசனை ஒட்சிசனுக்குக் காத்திராமல் உடைக்கிறது. அப்போது உண்டாவது லாக்டேற். நிற்கும் குதிரையில் லீற்றருக்கு 1 மில்லிமோலுக்குக் கீழே இருக்கும். பந்தயம் முடிந்ததும் 20ஐயும் தாண்டக்கூடும். பள்ளிக்கூடத்தில் இதைக் கழிவு என்றும் களைப்பின் காரணம் என்றும் படித்திருப்பீர்கள். அந்தக் கருத்து பழசாகிவிட்டது. இதயமும் ஓய்ந்திருக்கும் தசையும் லாக்டேற்றை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன, ஈரல் அதைத் திரும்பக் குளுக்கோசாக்குகிறது. பயிற்சியாளர்கள் பார்க்கும் கோடு 4 மில்லிமோல். குதிரையைப் படிப்படியாக வேகம் கூட்டி ஓடவிட்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு துளி எடுத்து, எந்த வேகத்தில் அந்தக் கோடு தாண்டப்படுகிறது என்று குறிப்பார்கள். அடுத்த மாதம் அதே குதிரை கூடிய வேகத்தில் அந்தக் கோட்டைத் தொட்டால் பயிற்சி பிடித்திருக்கிறது. முந்தியதைவிடக் குறைந்த வேகத்திலேயே தொட்டால் ஏதோ நோவு, அல்லது களைப்பு மிஞ்சிவிட்டது.

2. மணிக்கூடு

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் குப்பியில் மிருகத்தின் பெயரை எழுத எவரும் மறப்பதில்லை. நேரத்தை எழுதத்தான் மறக்கிறார்கள்.

கடும் ஓட்டத்துக்குப்பின் லாக்டேற் உடனே இறங்காது. தசையிலிருந்து குருதிக்கு வந்துகொண்டே இருப்பதால் முடிந்து ஐந்து பத்து நிமிடம் வரை ஏறும், பிறகு இறங்கும். நின்றவுடன் எடுத்த துளியும் பத்து நிமிடம் கழித்து எடுத்த துளியும் ஒரே குதிரையினுடையவை என்று நம்ப முடியாதபடி வேறுபடலாம். இன்னொன்று: ஓடி முடிந்த குதிரையை மெல்ல நடத்தினால், கட்டிவைத்ததைவிட விரைவாக லாக்டேற் வடியும். ஓடிவந்த சோடியை உடனே மரநிழலில் இறுக்கிக் கட்டும் வழக்கம் உங்களிடம் இருந்தால், கொஞ்சம் நடத்திவிட்டுக் கட்டுங்கள். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

தசை கிழிந்ததா என்று சொல்வது வேறு பொருள். கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதியம் தசைக்கலத்துக்குள் இருக்க வேண்டியது; கலம் சேதப்பட்டால் குருதிக்குள் கசியும். குதிரையில் அது உச்சத்தைத் தொடுவது ஓட்டம் முடிந்து நான்கு முதல் ஆறு மணித்தியாலத்தில். திடலிலேயே எடுத்தால் ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்து எடுத்தால் வடிந்திருக்கும். ஏ.எஸ்.ரி. என்ற மற்ற நொதியம் மெதுவானது: ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து உச்சம் காட்டி, நாட்கணக்கில் நிற்கும். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் சேதம் புதியதா பழையதா என்று பிரிக்கலாம். முதலாவது இறங்கி, இரண்டாவது மட்டும் உயர்ந்து நின்றால், அந்த மிருகம் போன கிழமைக் கணக்கை இன்னும் தீர்க்கவில்லை.

ஐரோப்பாவில் வண்டில் இழுத்த குதிரைகளுக்குத் 'திங்கள் காலை நோய்' என்று ஒன்று இருந்தது. வாரம் முழுக்க வேலை, ஞாயிறு ஓய்வு, ஆனால் தீன் மட்டும் வேலை நாளின் அளவில். திங்கள் காலை வண்டிலில் பூட்டியதும் சில நூறு யாரில் தொடை இறுகி நிற்கும், வியர்க்கும், சிறுநீர் கோப்பி நிறத்தில் வரும். தசையின் நிறப்பொருள் சிறுநீரகத்தால் வெளியேறும் நிறம் அது. கொட்டிலில் நின்று தின்று ஒருநாள் ஓடுகிற சவாரி மாட்டைப் பற்றி முன்பு சொன்னேனே, அதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓடிய மாட்டின் சிறுநீர் கறுத்தால் அது 'சூடு' இல்லை. மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டிய அடையாளம்.

3. உமிழ்நீர்

குதிரையின் உமிழ்நீருக்கு ஒரு துப்பறியும் வரலாறு உண்டு. 1910இல் வார்சோவைச் சேர்ந்த மருந்தியலாளர் அல்பொன்ஸ் புக்கொவ்ஸ்கியை ஆஸ்திரியப் பந்தயக்காரர்கள் வியன்னாவுக்கு அழைத்தார்கள். பந்தயக் குதிரைகளுக்கு யாரோ ஊக்கமருந்து கொடுக்கிறார்கள் என்ற சந்தேகம். அவர் குதிரையின் உமிழ்நீரில் அல்கலோயிட்டைக் கண்டுபிடித்துக் காட்டினார். விளையாட்டு உலகின் ஊக்கமருந்துப் பரிசோதனை மனிதரில் தொடங்கவில்லை. அந்தக் குதிரைகளின் வாயில் தொடங்கியது.

இப்போது உமிழ்நீரில் தேடுவது பெரும்பாலும் கோட்டிசோல் என்ற ஓமோனை. குருதியில் ஓடும் கோட்டிசோலில் பெரும்பகுதி புரதத்தோடு பிணைந்திருக்கும். பிணையாத சிறு பகுதிதான் உடலில் வேலை செய்யும். உமிழ்நீருக்குள் கடந்து வருவதும் அந்தச் சிறு பகுதியே. ஆகவே அளவு சிறிதானாலும் சேதி சரியானது. ஊசி தேவையில்லை என்பது அதைவிடப் பெரிய நன்மை: ஊசியின் பயமே கோட்டிசோலை ஏற்றிவிடும் என்றால் ஊசியால் எப்படி அமைதியை அளப்பது? பஞ்சுச்சுருள் ஒன்றை இடுக்கியில் பிடித்து நாக்கின்மேல் ஒரு நிமிடமளவு வைத்து நனைத்தால் போதும். போலந்து ஆய்வாளர்கள் பந்தயத்துக்குப் பழக்கும் அராபியக் குதிரைகளில் இப்படி உமிழ்நீரையும் குருதியையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வியன்னா ஆய்வாளர்கள் லொறியில் ஏற்றிச் செல்லப்படும் குதிரைகளில் பார்த்தார்கள். ஓடாமலே, பயணம் மட்டுமே, கோட்டிசோலை உயர்த்துகிறது. மாங்குளத்துக்கு அப்பாலிருந்து லொறியில் வந்திறங்கிய சோடியை இறங்கிய கையோடு பூட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த மாடு ஒரு ஓட்டத்தை ஏற்கெனவே ஓடிவிட்டது.

ஆனால் உமிழ்நீரை வேண்டாத கேள்விகளுக்கும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். லாக்டேற்றை ஊசியில்லாமல் உமிழ்நீரில் பார்க்கலாமே என்ற ஆசை பழையது. குதிரையில் உமிழ்நீர் லாக்டேற் குருதியின் லாக்டேற்றை நம்பகமாகப் பின்தொடர்வதில்லை. வாயில் கிடக்கும் வைக்கோல், கடிவாளம் உரசிக் கசிந்த குருதி, வாயிலுள்ள பற்றீரியா எல்லாம் கலந்து கணக்கைக் கெடுக்கும். கோட்டிசோலிலும் பொறி உண்டு: அது காலையில் உயர்ந்தும் மாலையில் தாழ்ந்தும் இருப்பது, குருதியில் ஏறியபின் உமிழ்நீரில் சற்றுப் பிந்தியே ஏறுவது. காலை ஆறு மணி அளவை மாலை நாலு மணி அளவோடு ஒப்பிட்டு "களைப்பு இறங்கிவிட்டது" என்று மகிழ்ந்தால், இறங்கியது சூரியன்தான்.

4. குதிரையின் எண்ணை மாட்டில் ஒட்டாதீர்கள்

இந்தச் சொற்பொழிவிலிருந்து யாராவது 4 மில்லிமோலையும் 200 துடிப்பையும் குறித்துக்கொண்டு போய்த் தன் மாட்டில் தேடினால் நான் வந்தது வீண்.

முதலில் வாய். குதிரை மெல்லும்போது மட்டுமே பெரும்பாலும் உமிழ்நீர் சுரக்கும். மாடு நாள் முழுக்கச் சுரக்கும். ஒரு பெரிய மாட்டுக்கு நாளொன்றுக்கு 100 லீற்றருக்கு மேல். இரைமீட்கும் வயிற்றின் புளிப்பை அடக்கவென்று பைகாபனேற்றும் பொசுபேற்றும் நிறைந்த கார நீர் அது. அசைபோட்டுக்கொண்டு நிற்கும் மாட்டின் வீணியும் பயந்து வாய் உலர்ந்த மாட்டின் வீணியும் செறிவில் ஒன்றாக இருக்க வழியில்லை. மாட்டில் உமிழ்நீர்க் கோட்டிசோல் அளக்க முடியும், அளக்கிறார்கள். அசைபோடும் நேரமா, இல்லையா என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அடுத்தது வயிறு. திடீரென்று அரிசியோ தானியமோ கூடுதலாகக் கொடுத்தால் முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலம் உண்டாக்கும். 'நாளைக்குச் சவாரி, இன்றைக்கு நல்லாக் கொடுப்பம்' என்ற அன்பு மாட்டைக் கொன்றும் இருக்கிறது. இதில் கருவிக்கு ஒரு குருட்டுத்தன்மை. லாக்டேற்றுக்கு இரண்டு உருவம் உண்டு, எல் என்றும் டி என்றும். தசை உண்டாக்குவது எல். வயிற்று நுண்ணுயிர் இரண்டையும் உண்டாக்கும். நீரிழிவுக்காரர் வீட்டில் வைத்திருக்கும் கருவியைப்போல ஒரு துளிக் குருதியில் லாக்டேற் காட்டும் கைக்கருவிகள் எல் உருவத்தை மட்டுமே அறியும். ஆகவே வயிறு புளித்துச் சாகக்கிடக்கும் மாட்டிலும் அந்தக் கருவி பாதிக் கதையைத்தான் சொல்லும்.

மண்ணீரலைப் பற்றிச் சொன்னதும் மாட்டுக்கு அந்த அளவில் பொருந்தாது. குதிரையைப்போல வியர்க்கவும் மாட்டால் முடியாது. திமிலுள்ள எங்கள் இனங்கள் ஐரோப்பிய இனங்களைவிட வெயில் தாங்கும். தாங்கும் என்பதற்காகத் தொல்லையில்லை என்று கொள்ளக்கூடாது. அத்துடன் சவாரி நொடிக் கணக்கில் முடிகிற ஓட்டம், பாரம் இழுக்கிற ஓட்டம், இரண்டு உடல் ஒரு நுகத்தில் ஓடும் ஓட்டம். வலப்பக்கத்து மாடு பழக்கப்பட்டது, இடப்பக்கத்து மாடு பழக்கமில்லாதது என்றால் வண்டிலின் வேகம் இரண்டையும் சமமாகவே காட்டும். ஓடி நின்றபின் இரண்டையும் தனித்தனியே பார்த்தால்தான் எது எதை இழுத்துக்கொண்டு போனது என்று விளங்கும்.

5. துணுக்காயில் என்ன செய்யலாம்

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. பேராதனையில் கால்நடை மருத்துவ பீடம் இருக்கிறது. சவாரி மாட்டைப் பற்றிய முறையான அளவுகளை அவை எடுக்கட்டும். அது ஆய்வாளர் பொறுப்பு. நாளைக் காலையே நீங்கள் தொடங்கக்கூடியதைச் சொல்கிறேன்.

நீண்டதூரக் குதிரைப் போட்டிகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கோட்டைத் தாண்டியதும் வெற்றி கிடைத்துவிடாது. குறித்த நேரத்துக்குள் குதிரையின் நாடி பொதுவாக 64க்கோ அதற்குக் கீழேயோ இறங்க வேண்டும். இறங்காத குதிரையை மிருக வைத்தியர் விலக்கிவிடுவார். இன்னொரு சோதனையும் செய்வார்கள். நாடி பார்த்து, குதிரையை 40 மீற்றரளவு ஓட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து, தொடங்கி ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி பார்ப்பார்கள். இரண்டாவது முதலாவதைவிடக் கூடியிருந்தால் உள்ளே ஏதோ சரியில்லை. பணம் செலவில்லாத சோதனை.

மாட்டின் நாடியைத் தாடையில் தேடி மினக்கெடாதீர்கள். வாலைத் தூக்கி அடிப்பக்க நடுவில், வால் மூட்டுக்குச் சற்றுக் கீழே விரல் வைத்தால் துடிக்கும். ஓய்வில் 50க்கும் 80க்கும் இடையே இருக்கும். உடல்வெப்பம் 38க்கும் 39.3க்கும் இடையே. உங்கள் மாட்டின் சொந்த எண் எது என்று அறிய, கொட்டிலில் காலை வேளையில், தீன் போடுமுன், இரண்டு கிழமை குறித்து வையுங்கள். பிறகு பழக்க ஓட்டத்தின்பின் ஐந்தாம், பத்தாம், முப்பதாம் நிமிடத்தில் குறியுங்கள். திரும்பிவரும் நேரம் கிழமைக்குக் கிழமை குறைந்தால் மாடு ஏறுகிறது. கூடினால் அந்தக் கிழமை ஓட வேண்டாம்.

வெக்கை பிடித்த மாட்டுக்குக் குளிர்தண்ணீர் ஊற்றினால் தசை பிடிக்கும், உயிருக்கே ஆபத்து என்ற அச்சம் இங்கே உண்டு. குதிரைக்காரரிடமும் நெடுங்காலம் இருந்தது. 1996 அத்லாந்தா ஒலிம்பிக்கின் வெக்கைக்கு ஆயத்தமாக நடந்த ஆய்வுகள், குளிர்தண்ணீரை உடல் முழுக்க ஊற்றிக் குளிர்விப்பது குதிரைக்குத் தீங்கில்லாதது, பலனுள்ளது என்று காட்டின. மாட்டுக்கும் நிழலும் தண்ணீரும் காற்றும்தான் மருந்து.

6. துவரங்கம்பும் நோட்டுப் புத்தகமும்

சுருக்கமாகச் சொல்கிறேன், இது பலருக்குப் பிடிக்காது. ஆணி செருகிய துவரங்கம்பால் குத்தி ஓட்டிய மாட்டில் எந்த அளவையும் எடுக்கப் பயனில்லை. நோவு அதிரினலினையும் கோட்டிசோலையும் ஏற்றும். உடற்தகுதியின் கணக்கு அதற்குள் அமிழ்ந்துபோகும். குத்தினால் மாடு தன்னிடம் இருப்பதற்குமேல் ஓடாது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடும். அவ்வளவுதான் வித்தியாசம். விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் இந்த நாட்டில் 1907இலிருந்து இருக்கிறது. நூறு ரூபா தண்டமுள்ள அந்தச் சட்டத்தை நம்பி நான் இதைச் சொல்லவில்லை. திடலை நடத்தும் உங்களிடம் சொல்கிறேன். ஒரு சுற்று ஓடி முடிந்து பத்தாம் நிமிடத்தில் நாடியும் வெப்பமும் பார்க்க ஒரு மேசை போடுங்கள். திரும்பாத மாடு அடுத்த சுற்றுக்கு இல்லை என்று முன்கூட்டியே அறிவியுங்கள். நடுவர் ஒருவர் கோட்டில் நிற்பதுபோல இன்னொருவர் அந்த மேசையில் இருக்கட்டும். மல்லாவியிலும் இங்கேயும் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மிருக வைத்தியரின் மேற்பார்வையில் எழுதுகிற வேலையை அவர்களிடம் கொடுங்கள்.

மாடு எது, எந்தப் பக்கம், ஓட்டம் முடிந்த நேரம், பார்த்த நேரம், நாடி, வெப்பம், அசைபோடத் தொடங்கிய நேரம். நோட்டுப் புத்தகத்தில் இந்த ஏழு நிரல் போதும். பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: உதை விழாத பக்கமாக, உரியவர் கயிற்றைப் பிடித்திருக்கும்போது மட்டும் கிட்டப் போங்கள். வெப்பமானியை ஒரு நூலில் கட்டி, நூலின் மறுமுனையை வால்மயிரில் முடிந்துவிடுங்கள். உள்ளே போய்விட்டால் எடுப்பது பெரிய கரைச்சல்.